தத்திச் செல்லும் கல்: போடி அடிவாரத்துப் பால்ய நினைவும் ஹைக்கூவும்

நீர்ப்பரப்பில் தட்டைக் கல்லைத் தத்தவிடும் விளையாட்டு, ஹைக்கூவுக்கு இயல்பாகவே பொருந்தும் பால்ய நினைவுகளில் ஒன்று. கல் நீரைத் தொடுகிறது, எழுகிறது, மறுபடி தொடுகிறது, எங்கோ ஓரிடத்தில் அமிழ்கிறது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பந்து, மட்டை, கோடு, ஆள்கட்டு எதுவும் தேவையில்லை. எத்தனை தத்து என்று எண்ணுவதே ஆட்டத்தின் முழுக் கணக்கு. ஒரு கணத்தை மூன்று அடிகளில் பிடிக்க முயலும் கவிதைக்கு இவ்வளவு சிறிய, இவ்வளவு முழுமையான நிகழ்ச்சி கிடைப்பது அரிது. இந்த எளிமையிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஏங்கிப் பாடுவதற்கு வசதியான பொருள் இது. கல்லும் நீரும் மறைந்து ஏக்கம் மட்டும் மிஞ்சிவிடலாம். எந்த நீர், எந்தப் பருவம், எந்தக் கல் என்று கேட்டு எழுதும்போதுதான் நினைவு ஹைக்கூவாகிறது. போடிநாயக்கனூரும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவும் இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை தரும் நிலம்.

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர். இங்கிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் கூடியிருக்கும். மெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறிப்போய், காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் இறங்கி வருவது அடிவாரத்து ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் அன்றாடம். விளைந்த காயை விலைபேசுவதும் இந்த வட்டாரத்தில்தான்: நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கிறது. ஆகவே ஏலமலை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வெறும் தூரத்துக் காட்சியாக இருப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் அப்பாவின் சட்டையிலும் அம்மாவின் கையிலும் அதன் வாசனை இருக்கிறது.

மலையில் தண்ணீர் உண்டு. ஆனால் அது நிற்பதில்லை. குரங்கணி, கொட்டக்குடிப் பக்கத்து மலைகளில் ஓடைகளாகத் திரண்டு இறங்கும் கொட்டக்குடி ஆறு, போடியைத் தொட்டுக்கொண்டு தேனி வழியாகப் போய் வைகையோடு சேர்கிறது. மேலே அது பாறையிலிருந்து பாறைக்கு விழும் ஆறு. நுரைத்து ஓடும் அந்த நீரில் கல்லை எறியலாம், தத்தவிட முடியாது. அடிவாரத்துக்கு வந்து வேகம் தணிந்த பிறகு, அணைப்பிள்ளையார் தடுப்பணை போன்ற இடங்களில் தேங்கும்போதுதான் கல்லுக்கு ஏற்ற சமமான பரப்பு கிடைக்கிறது. அதற்கும் கீழே கண்மாய்கள்: போடியின் பங்காருசாமி கண்மாய், மீனாட்சிபுரத்தின் மீனாட்சியம்மன் கண்மாய் போன்றவை. மலையில் விழும் நீர், அடிவாரத்தில் தேங்கும் நீர், கண்மாயில் நிற்கும் நீர் என்று சில கல் தொலைவுக்குள் நீரின் குணம் மூன்றாக மாறுகிறது. இவற்றில் பின்னிரண்டுதான் விளையாட்டுக்கு இடம் தருகின்றன.

எறியும் பொருளும் இடத்துக்கு இடம் வேறு. இந்த மலைகளின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸும். நைஸ் பாறை படலம் படலமாக அமைந்தது. உடையும்போது தட்டையான சில்லுகளாகப் பிரியக்கூடியது. ஆறு அதை உருட்டி ஓரங்களை மழுக்கிவிட்டால் உள்ளங்கைக்கு அடக்கமான நல்ல எறிகல் கிடைக்கும். மேலே ஆனை அளவுப் பாறைகளாகக் கிடப்பது, ஊரை நெருங்க நெருங்கக் கூழாங்கல்லாகவும் மணலாகவும் சிறுத்துவிடும். கண்மாய்க் கரையிலோ வண்டல்தான், கல் அருமை. அங்கே உடைந்த பானையின் துண்டாகிய ஓட்டாஞ்சில்லுதான் பிள்ளைகளின் கைக்கு எட்டும். ஆற்றுப் பிள்ளையின் நினைவில் கல்லும், கண்மாய்ப் பிள்ளையின் நினைவில் சில்லும் இருப்பதற்கு நிலமே காரணம். கவிதையில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றினால், ஊர்ப்பெயர் சொல்லாமலே இடம் தெரிந்துவிடும்.

இனி, பருவம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் உச்சியில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிறது. தேனி மாவட்டத்துக் காற்றின் வலுவுக்கு ஆண்டிபட்டிப் பக்கத்தில் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. அந்த மாதங்களில் கண்மாயில் தண்ணீர் இருந்தாலும் அலையடிக்கும்; அலையில் முட்டிய கல் முதல் தத்திலேயே அமிழும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் ஆறு கலங்கி ஓடும். பிள்ளைகளைப் பெரியவர்கள் ஆற்றுப்பக்கம் விடுவதில்லை. மார்கழி பாதிக்குமேல், குறிப்பாகத் தை, மாசியில், வெள்ளம் வடிந்து நீர் தெளிந்து காற்று அடங்கியிருக்கும் காலையே இந்த விளையாட்டின் உச்சப் பொழுது. பங்குனி கடந்தால் ஆறு குட்டை குட்டையாக அறுந்துவிடும். கல் நாலு தத்துக்குள் எதிர்க்கரை மணலில் விழும்.

ஜப்பானிய ஹைக்கூ மரபில் ஒவ்வொரு கவிதையும் ஒரு பருவச்சொல்லைத் தாங்கி வர வேண்டும் என்பது பழைய விதி. தமிழில் ஹைக்கூ எழுதியவர்கள் பெரும்பாலும் இதைக் கைவிட்டார்கள். நம் நாட்டில் பனியும் செர்ரிப் பூவும் இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது போதுமான காரணமாகத் தோன்றவில்லை. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரியதாக்கியிருக்கிறது. கூதிர் ஐப்பசி, கார்த்திகை. முன்பனி மார்கழி, தை. போடி மலையடிவாரத்தில் ஆறு பெருகுவதும் பிறகு தெளிவதும் இந்த நான்கு மாதங்களுக்குள்தான். முதல், கரு, உரி என்று நிலத்தையும் பொழுதையும், அங்குள்ள உயிர்களையும் தொழிலையும், மனநிலையையும் ஒன்றோடொன்று பின்னிப் பார்க்கும் இலக்கணத்தை வைத்திருக்கும் மொழிக்குப் பருவச்சொல் புதிதல்ல. ஏலக்காய் எடுப்பு, மெட்டில் இறங்கும் மூடுபனி, ஆடிக்காற்று, கண்மாய் மறுகால் பாய்தல் ஆகியவை இந்த நிலத்தின் பருவச்சொற்களாகவே நிற்கத் தகுந்தவை.

கல்லைத் தத்தவிடும் ஆட்டம் மிகப் பழையது. உலகின் பல மூலைகளில் உண்டு. பண்டைக் கிரேக்கச் சிறுவர்கள் சிப்பியையும் ஓட்டுச் சில்லையும் இப்படி எறிந்தார்கள். கிறித்துவுக்குப் பின் முதல் சில நூற்றாண்டுகளுக்குள் இலத்தீனில் எழுதிய மினூசியஸ் ஃபீலிக்ஸ், தம் ‘ஆக்டேவியஸ்’ நூலில் ஓஸ்டியா கடற்கரையில் சிறுவர்கள் ஆடுவதை நின்று நிதானமாக விவரிக்கிறார். அலை தேய்த்து மழமழப்பாக்கிய சில்லைப் பொறுக்குவது, அதைப் படுக்கைவாக்கில் விரல்களில் பிடிப்பது, உடம்பை நன்றாகத் தாழ்த்திக் குனிவது, அலையின் மேலாகச் சுழற்றி விடுவது என்று ஒவ்வொரு அசைவும் அதில் இருக்கிறது. யாருடைய சில்லு அதிகத் தூரம் போய் அதிக முறை துள்ளுகிறதோ அவனே வென்றவன் என்ற விதியும் இருக்கிறது. சமய விவாதத்தை முதன்மையாகக் கொண்ட ஒரு நூலில், விவாதம் தொடங்குமுன், இந்தக் காட்சிக்கு இவ்வளவு இடம் கிடைத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. பார்த்ததைக் கருத்தேற்றாமல் எழுதும் கண் அது. ஹைக்கூ எழுத வருபவர் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்.

அறிவியலும் இந்த ஆட்டத்தை விட்டுவைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் ஸ்பலன்சானி நீரிலிருந்து எழும்பும் கற்களைப் பற்றி ஆராய்ந்தார். நம் காலத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் லிதெரிக் பொக்கே 2003இல் இதன் கணக்கை எழுதினார். 2004இல் அவரும் கிறிஸ்தோஃப் கிளானே முதலானோரும் சேர்ந்து செய்த சோதனை ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கல்லின் தட்டை முகம் நீர்ப்பரப்போடு 20 பாகை அளவில் சாய்ந்து தொடும்போது துள்ளல் மிக எளிதாக அமைகிறது என்பது அவர்களின் முடிவு. சுழற்சிக்கும் முக்கியப் பங்குண்டு: சுழலும் கல் தன் சாய்வை விட்டுக்கொடுக்காது; சுழலாத கல் முதல் மோதலிலேயே தலைகுப்புறக் கவிழும். ஒவ்வொரு தொடுகையிலும் கல் வேகத்தில் கொஞ்சம் இழக்கிறது. அதனால் தத்துகளுக்கு இடைப்பட்ட தூரம் முதலில் மெல்லவும் கடைசியில் விரைந்தும் சுருங்கி, இறுதிச் சில தத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 2013இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கர்ட் ஸ்டைனர் எறிந்த கல் 88 முறை தத்தியது உலகச் சாதனை. கொட்டக்குடி ஆற்றுப் பிள்ளைகளுக்கு ஏழெட்டே பெருமைக்குரிய எண்ணிக்கை.

இந்த இயற்பியல் கவிஞருக்கும் உதவும். தத்துகளின் இடைவெளி சீராக இல்லை என்பதும், கல் நிற்பது தளர்ந்து தளர்ந்து அன்றிச் சட்டென்று என்பதும் கண்ணால் பார்த்த குழந்தைக்குத் தெரியும். வளர்ந்தபின் நினைவு அதைச் சமன்செய்துவிடுகிறது. நல்ல ஹைக்கூ நினைவின் இந்தத் திருத்தத்தை நம்பாமல் முதலில் கண்டதைத் தேடிப் போகும்.

நீரும் அதைத் தொடும் ஒன்றும் ஹைக்கூவின் மையத்தில் நெடுங்காலமாக இருக்கின்றன. மட்சுவோ பாஷோ (1644–1694) எழுதியவற்றுள் உலகறிந்த கவிதை 1686ஆம் ஆண்டின் தவளைக் கவிதை. அதற்கு முந்திய ஜப்பானிய மரபில் தவளை என்றால் அதன் குரல்தான் பாடுபொருள். பாஷோ குரலை விட்டார். தவளை குதித்தபோது நீர் எழுப்பிய ஓசையை எடுத்துக்கொண்டார். பழங்குளம், ஒரு குதிப்பு, ஓர் ஓசை. கவிதை அதோடு நின்றுவிடுகிறது. தத்தும் கல்லில் இதே நிகழ்ச்சி பலமுறை அடுக்கிவருகிறது; ஓசைக்கும் ஓசைக்கும் நடுவே கல் நீரில் இல்லாத இடைவெளியும் வருகிறது. ஹைக்கூவில் இரு காட்சிகளை ஒட்டவைக்காமல் அடுத்தடுத்து நிறுத்தும் வெட்டு இந்த இடைவெளிக்கு நிகரானது.

பால்யத்தின் நீர்க்கரையை ஹைக்கூவில் எழுதுவதற்கு மிகச் சிறந்த முன்னோடி யோசா புசோன் (1716–1784). ஒசாக்காவுக்கு அருகில், யோதோ ஆற்றங்கரையில் இருந்த கெமா அவர் பிறந்த கிராமம். இளமையிலேயே ஊரைவிட்டுப் போனவர், அறுபதைக் கடந்த பின், 1777இல், அந்த ஆற்றங்கரை வழியைப் பற்றிய நெடிய கவிதைத் தொடர் ஒன்றை எழுதினார். ஹைக்கூ அளவுச் சிறுகவிதைகளும் சீனப் பாணிக் கவிதைகளும் கலந்த 18 பகுதிகள் அதில் உண்டு. சிறுவயதில் வசந்த நாட்களில் தோழர்களோடு அந்தக் கரையில் விளையாடியதை நினைத்தே அது எழுந்தது என்று கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் கவிதைக்குள் அவர் இல்லை. நகரத்தில் வேலை செய்யும் ஒரு பெண், விடுமுறை கிடைத்து, அந்தக் கரை வழியாகத் தாய்வீட்டுக்கு நடந்துபோகிறாள். தன் ஏக்கம் முழுவதையும் புசோன் அவள் கால்களுக்குக் கொடுத்துவிட்டார். நினைவைத் தன்னிடமிருந்து எடுத்து இன்னொருவர் மேல் வைப்பதால் அது புலம்பலாகாமல் காட்சியாகிறது.

தமிழ் மரபிலும் இதற்கு ஈடான ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூற்றின் 243ஆம் பாட்டில், தடியூன்றி, இருமலுக்கு நடுவே பேசும் ஒரு முதியவர், இளமையில் ஆடிய ஆட்டங்களை நினைத்துப் பார்க்கிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, துறையருகே தாழ்ந்து நின்ற மருத மரத்தின் கிளையில் ஏறியது, கரையில் நின்றவர்கள் வியக்க ஆழ மடுவில் குதித்தது, அடியிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. இளமை போயிற்றே என்ற இரக்கம் பாட்டில் வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. ஆயினும் பாட்டு நிலைத்திருப்பது அந்த இரக்கத்தால் அன்று. ஆழம் தொட்டதற்குச் சான்றாக அவர் கொண்டுவந்த ஒரு பிடி மணலால்.

ஹைக்கூ தமிழுக்கு அறிமுகமானது பாரதியாரால். 1916 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி அவர் எழுதிய கட்டுரை, யோனே நொகுச்சியின் கருத்துகளை எடுத்துக்கொண்டு அக்கவிதையின் சொற்சுருக்கத்தைப் பாராட்டியது. தமிழில் எழுதிப் பார்க்கும் முயற்சி அதற்கு அரை நூற்றாண்டுக்கும் பிந்தியது. அப்துல் ரகுமானின் ‘பால்வீதி’ 1974இல் வந்தது. அதில் ‘சிந்தர்’ என்ற தலைப்பில் ஹைக்கூப் பாங்கான கவிதைகள் இடம்பெற்றன. முழுத் தொகுப்புகளாக அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ இரண்டும் 1984இலும், ஈரோடு தமிழன்பனின் ‘சூரியப் பிறைகள்’ 1985இலும் வெளிவந்தன. பின்னர் சுஜாதா வடிவத்தின் நுட்பங்களை விளக்கி நூல் எழுதினார். ஜப்பானிய ஹைக்கூவின் அசைக்கணக்கு தமிழுக்கு ஒத்துவராததால் மூன்றடி மட்டும் நிலைத்தது. மூன்றாம் அடியில் எதிர்பாராத திருப்பம் வேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. அந்தச் சட்டம் சமூக விமர்சனத்துக்குக் கூர்மை கொடுத்தது, ஆனால் நினைவுக் கவிதைக்கு அவ்வளவு நல்லது செய்யவில்லை.

போடி வட்டாரத்தின் கவிதைப் பெயர் வேறொரு திசையில் எழுந்தது. நா. காமராசன் 1942இல் பிறந்தது கண்மாய்க் கரை ஊரான மீனாட்சிபுரத்தில். அவருடைய ‘கறுப்பு மலர்கள்’ 1971இல் வந்தபோது, புதுக்கவிதையில் உருவகப் பெருக்கத்துக்கு ஓர் அடையாளமாயிற்று. பெரியகுளத்து மு. மேத்தாவும் வடுகபட்டியின் வைரமுத்துவும் இதே மாவட்டத்துக்காரர்கள். மூவரும் சொல்லை ஒலியோடும் உவமையோடும் பெருக்கி எழுதியவர்கள். அந்த வளத்தைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் தத்தும் கல்லை எழுத வருகிற இவ்வட்டாரத்து இளங்கவிஞர், தம் மூத்தோரிடம் கற்ற உவமையை ஒதுக்கிவைக்க வேண்டிய இடம் இது.

இதை எடுத்துக்காட்டுகளால் பார்க்கலாம். கீழுள்ளவை அனைத்தும் இந்தக் கட்டுரைக்கென எழுதப்பட்டவை. முதலில், பலரும் எழுதக்கூடிய ஒன்று:

எட்டு முறை தத்தி
மூழ்கிப்போனது
என் பால்யம்

கல் இங்கே ஒரு சாக்கு. மூன்றாம் அடி வந்தவுடன் கல்லும் ஆறும் அழிந்து, வாசகருக்குச் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. எந்த ஊருக்கும், எந்த விளையாட்டுக்கும் இது பொருந்தும். பம்பரத்தையோ பட்டத்தையோ வைத்தாலும் கவிதை மாறாது. அதே உணர்வைப் பொருளிடமே விட்டுவைத்தால்:

தை மாத ஆறு
சட்டைப்பையில் மிச்சம்
ஒரு தட்டைக்கல்

எறிந்தவன் யார், ஏன் அந்தக் கல்லை எறியவில்லை, இது அன்றா இன்றா என்பது சொல்லப்படவில்லை. பருவம் முதலடியில் இருக்கிறது. நினைவு என்ற சொல் இல்லாமலே நினைவு வேலை செய்கிறது. புசோன் செய்தது போல விளையாட்டை இன்னொருவர் கையில் கொடுத்தால் நிலமும் தொழிலும் உள்ளே வந்துவிடும்:

மலை இறங்கிய ஜீப்
ஏலம் மணக்கும் கையிலிருந்து
தத்திப் போகிறது கல்

பிள்ளைகள் ஆடுவதைக் கண்டு வீடு போகும் வழியில் நின்று, தானும் ஒரு கல் எறியும் தோட்டத் தொழிலாளி இதில் இருக்கிறார். ‘அப்பா’ என்று எழுதியிருந்தால் கவிதை இளகிவிட்டிருக்கும். தோல்வியையும் எழுதலாம், பருவம் அதற்குக் காரணமாக நின்றால்:

ஆடிக்காற்று
முதல் தத்திலேயே அமிழும்
தம்பியின் கல்

கண்மாய் வேறு ஓசையும் வேறு உயிர்களும் கொண்டது:

கொக்கு பறந்த பின்னும்
கண்மாயில் விரிகின்றன
சில்லு தொட்ட வட்டங்கள்

கடைசி எடுத்துக்காட்டில் எறிந்தவரே இல்லை. சில்லும் மூழ்கிவிட்டது, அது தொட்ட இடங்கள் மட்டும் இன்னும் நீரில் இருக்கின்றன. வட்டங்கள் தொடுகையின் வரிசையில் பிறந்தவை. எனவே முதல் வட்டம் பெரிதாகவும் கடைசி வட்டம் சிறிதாகவும் ஒரே நேரத்தில் தெரியும். நடந்து முடிந்த ஒன்றின் கால வரிசை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் காட்சி இது. கடந்தகாலத்தை நிகழ்காலத்தில் எழுத வேண்டிய ஹைக்கூவுக்கு இந்த விளையாட்டு தரும் தனிச் சலுகை என்று இதைச் சொல்லலாம்: நினைவுகூர்வதாக எழுதாமல், வட்டங்கள் இன்னும் விரிந்துகொண்டிருப்பதாக எழுத முடிகிறது.

ஆனாலும் மூன்றடிக்குள் அடங்காத செய்திகள் இந்த நினைவில் நிறைய உண்டு: ஆற்றின் பெயர், ஜீப்பின் நேரம், ஏலக்காய் எடுப்பு முடியும் மாதம், மழைக்குப் பின் ஆற்றுப்பக்கம் போகத் தடை நீங்கிய நாள். இவற்றுக்கு ஜப்பானிய மரபு ஹைபுன் என்ற வடிவத்தை வைத்திருக்கிறது; சுருக்கமான உரைநடையும் அதை அடுத்து ஹைக்கூவும் வருவது அது. 1689இல் பாஷோ வடநாட்டுக்கு நடந்த பயணத்திலிருந்து உருவாகி, 1702இல் அச்சான அவருடைய பயண நூல் இவ்வடிவத்தின் சிகரம். தமிழிலும் ஹைபுன் எழுதப்படுகிறது. போடி அடிவாரத்து நினைவுக்கு இதுவே மிகப் பொருத்தமான வடிவம்: ஊரும் தொழிலும் ஆட்களும் உரைநடைக்குப் போய்விட்டால், கவிதைக்குக் கல்லும் நீரும் போதும். உரைநடை சொன்னதையே ஹைக்கூ திரும்பச் சொல்லக்கூடாது என்பது இவ்வடிவத்தில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் முறை. உரைநடை அணைப்பிள்ளையார் தடுப்பணையில் நின்றால், கவிதை கண்மாய்க்கு நகரலாம். உரைநடை தை மாதத்தைச் சொன்னால், கவிதை ஆடிக்காற்றை எடுத்துக்கொள்ளலாம்.